ஒரே டேட்டாசெட்டில் இரண்டு ஜாப் எழுதாமல் காப்பது எப்படி? மெயின்பிரேம் கேள்வி-பதில்

ஜோகனஸ்பர்க், டர்பன், கேப் டவுன் பக்கம் வங்கி, காப்பீடு, சில்லறை வணிகம் என்று மெயின்பிரேமில் வேலை பார்க்கும் தமிழர்கள் இருக்கிறோம். சென்னையிலிருந்து ஒப்பந்தத்தில் வந்தவர்கள் பாதி, சாட்ஸ்வொர்த்திலும் லெனேசியாவிலும் பிறந்து வளர்ந்து தமிழ்ப் பள்ளியில் எழுத்து கற்றவர்கள் பாதி. இரவு பேட்ச் வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் இந்த விஷயத்தைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். எல்லாம் மெயின்பிரேமின் இயங்குதளமான இசட் ஓஎஸ் பற்றியவை. டேட்டாசெட் என்றால் கோப்பு, ஜாப் என்றால் சிஸ்டத்திடம் ஓட்டக் கொடுக்கும் ஒரு வேலை, பேட்ச் என்றால் ஆள் தலையீடு இல்லாமல் வரிசையாக ஓடும் ஜாப்கள்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மெயின்பிரேமில் பூட்டு என்பது ஜாப்களுக்கு இடையே உள்ள ஒப்பந்தம். எல்லோரும் கேட்டு வாங்கினால்தான் அது காக்கும். கீழே வரும் பதில்களில் பெரும்பாலானவை இதிலிருந்து பிறந்தவைதான்.

இரண்டு ஜாப் ஒரே நேரத்தில் எழுதினால் அப்படி என்ன கெட்டுவிடும்?

ஒரு கணக்கில் 8,000 ராண்ட் இருக்கிறது. டெபிட் ஆர்டர் ஜாப் அந்த ரெக்கார்டைப் படிக்கிறது. அது 1,200 கழிக்க வேண்டும். அதே நொடியில் கார்டு பரிவர்த்தனை ஜாபும் அதைப் படிக்கிறது. அது 300 கழிக்க வேண்டும். இரண்டின் கையிலும் இருப்பது 8,000. முதல் ஜாப் 6,800 என்று எழுதுகிறது. இரண்டாவது ஜாப் தன்னிடம் இருந்த 8,000த்தில் கழித்து, அதன் மேலேயே 7,700 என்று எழுதிவிடுகிறது. சரியான மீதி 6,500.

இதில் பயப்பட வேண்டியது என்னவென்றால், இரண்டு ஜாபும் ரிட்டர்ன் கோடு 0 (பிழையில்லை) போட்டு நல்லபடியாக முடிந்திருக்கும். அபெண்ட் (ஜாப் பிழையில் பாதியில் விழுவது) இல்லை, செய்தி இல்லை, யாருக்கும் போன் போகாது. இந்த நாட்டில் பலருக்கு 25ஆம் தேதி சம்பளம் விழுகிறது, அதன் பின்னாலேயே டெபிட் ஆர்டர்கள் ஓடுகின்றன. அந்த இரவில் இப்படி ஒன்று நடந்தால், யாரோ ஒரு குடும்பத்தின் வாடகைப் பணம் தப்பாக நிற்கும். அபெண்ட் ஆன ஜாபை விடியற்குள் சரிசெய்துவிடலாம். சத்தமில்லாமல் கெட்ட தரவைக் கண்டுபிடிக்கவே வாரக்கணக்கில் ஆகும்.

ஜேசிஎல்லில் நியூ, ஓல்டு, மாட், ஷேர் போடுகிறோமே, எதற்கு என்ன பூட்டு?

ஜேசிஎல் என்பது ஜாபை எப்படி ஓட்ட வேண்டும், எந்த டேட்டாசெட் வேண்டும் என்று எழுதிக் கொடுக்கும் குறிப்பு. அதில் நியூ, ஓல்டு, மாட் மூன்றும் தனியுரிமைப் பூட்டு, அதாவது ஒருவருக்கு மட்டும். ஷேர் மட்டும் பகிர்வுப் பூட்டு. மாட் என்றால் கடைசியில் சேர்ப்பதுதானே, அது பகிரும் என்று சிலர் நினைக்கிறார்கள். பகிராது.

உள்ளே நடப்பது இது: ஜாப் தொடங்கும்போது இனிஷியேட்டர் (ஜாபை எடுத்து ஓட்டும் சிஸ்டத்தின் பகுதி) ஒவ்வொரு டேட்டாசெட் பெயருக்கும் என்க்யூ, அதாவது பூட்டு, கேட்கிறது. என்க்யூவுக்கு இரண்டு பெயர்கள் உண்டு. பெரிய பெயர் (மேஜர்) 8 எழுத்து வரை, இங்கே அது சிஸ்டிஎஸ்என். சின்னப் பெயர் (மைனர்) உங்கள் டேட்டாசெட்டின் பெயர், 44 எழுத்து வரை. ஷேர் கேட்டவர்கள் எத்தனை பேர் வேண்டுமானாலும் சேர்ந்திருக்கலாம். தனியுரிமை கேட்டவர் தனியாகத்தான் இருக்க முடியும். வரிசையில் நிற்பவர்கள் வந்த முறைப்படி நிற்பார்கள். ஆகவே ஓல்டு கேட்டு ஒரு ஜாப் காத்திருந்தால், அதற்குப் பின்னால் வரும் ஷேர் ஜாப்களும் அதன் பின்னே நிற்கும். "நான் படிக்கத்தானே கேட்டேன், ஏன் நிற்கிறது?" என்ற கேள்விக்குப் பதில் பெரும்பாலும் இதுதான்.

ஷேர் போட்டுவிட்டு எழுதினேன், எழுத முடிந்ததே! சிஸ்டம் ஏன் தடுக்கவில்லை?

இந்தக் கேள்விக்குப் பதில் புரிந்தால் மற்றதெல்லாம் எளிது.

ஷேர் என்பது நீங்கள் கொடுக்கும் வாக்கு. "நான் இதைப் படிக்க மட்டும் செய்வேன், அல்லது மற்றவர்களுக்குக் கெடுதல் வராத வழியில் எழுதுவேன்" என்று ஜேசிஎல்லில் எழுதிக் கொடுக்கிறீர்கள். என்க்யூ சேவைக்கு அது ஒரு பெயர், அவ்வளவுதான். அந்தப் பெயருக்குப் பின்னால் வட்டில் என்ன இருக்கிறது, உங்கள் கோபால் (COBOL) மொழி நிரல் அதை இன்புட்டுக்குத் திறக்கிறதா அவுட்புட்டுக்குத் திறக்கிறதா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. சாதாரண சீக்வென்ஷியல் டேட்டாசெட்டை ஷேர் போட்டு இரண்டு ஜாப் அவுட்புட்டுக்குத் திறந்தால் இரண்டும் திறக்கும். இரண்டும் முதல் பிளாக்கிலிருந்து எழுதத் தொடங்கும். ஒருவர் எழுதியதன் மேல் இன்னொருவர் எழுதுவார். எங்கே முடிகிறது என்ற குறிப்பைக் கடைசியாக மூடியவர் எழுதி வைப்பார். விளைவாகக் கிடைப்பது இரண்டு கோப்பின் பிளாக்குகள் கலந்த ஒரு கலவை.

பிடிஎஸ் (மெம்பர் என்ற பல சிறு கோப்புகளும் அவற்றின் டைரக்டரியும் கொண்ட டேட்டாசெட்) விஷயத்தில் நிலைமை கொஞ்சம் தேவலை. ஷேரில் ஒருவர் அவுட்புட்டுக்குத் திறந்திருக்கும்போது இன்னொருவர் திறக்க வந்தால், அவருக்கு எஸ்213 அபெண்ட், ரீசன் கோடு 30 என்று வரும். அதைப் பார்த்து எரிச்சல் படாதீர்கள், அது உங்களைக் காப்பாற்றியிருக்கிறது. ஒரு புது மெம்பர் எழுதும்போது, காலியிடம் தொடங்கும் இடத்திலிருந்துதான் எழுதப்படும்; முடிந்ததும் டைரக்டரியில் பதிவாகும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் அப்படிச் செய்தால், இருவருக்கும் அதே காலியிடம் கிடைக்கும். ஒரு மெம்பரைத் திறந்தால் இன்னொன்றின் வரிகள் வரும். இந்தப் பாதுகாப்பும் என்க்யூவை நம்பியதுதான் என்பதால், என்க்யூ செய்தி போய்ச் சேராத இன்னொரு சிஸ்டத்திலிருந்து எழுதினால் அது உதவாது. அதைக் கீழே சொல்கிறேன்.

வாக்கை மட்டும் நம்பி இருக்க முடியாது என்பவர்களுக்கு உறுதியான வழி ராக்ஃப் என்ற பாதுகாப்பு மென்பொருள். படிக்க மட்டுமே தேவையுள்ள ஐடிகளுக்கு ரீட் அனுமதி மட்டும் கொடுங்கள். அப்போது ஷேர் போட்டு எழுத முயன்றால் ஓப்பனிலேயே எஸ்913 வந்து நின்றுவிடும். நிறைய இடங்களில் "எதற்கும் இருக்கட்டும்" என்று எல்லா பேட்ச் ஐடிக்கும் அப்டேட் கொடுத்து வைத்திருக்கிறார்கள். அதை நான் தவறு என்றே சொல்வேன்.

அப்படியானால் எல்லாவற்றுக்கும் ஓல்டு போட்டுவிடலாமா?

வேண்டாம். எழுதும் ஜாபுக்கு ஓல்டு, படிக்கும் ஜாபுக்கு ஷேர். அதற்கு மேல் போனால் இரவு பேட்ச் நகராது.

காரணம், ஜாபில் வரும் எல்லா டேட்டாசெட்டுக்கும் தொடக்கத்திலேயே மொத்தமாக என்க்யூ வாங்கப்படுகிறது. ஒன்பதாவது ஸ்டெப்பில் (ஜாபின் ஒரு படி) மட்டும் ஓல்டு இருந்தாலும், முதல் ஸ்டெப் தொடங்குவதற்கு முன்பே அந்தப் பூட்டு கையில் இருக்க வேண்டும். இது நல்லதற்குத்தான், ஒவ்வொரு ஸ்டெப்பாகக் கேட்டிருந்தால் இரண்டு ஜாப் ஒன்றுக்கொன்று காத்துக்கொண்டு விடியும்வரை நின்றிருக்கும். ஆனால் விலை உண்டு. வாங்கிய பூட்டு, அந்த டேட்டாசெட்டைக் குறிப்பிடும் கடைசி ஸ்டெப் முடியும்வரை விடப்படாது. முதல் ஸ்டெப்பில் ஓல்டு போட்டு எழுதி, கடைசி ஸ்டெப்பில் ரிப்போர்ட்டுக்காக ஷேர் போட்டுப் படித்தால், வழக்கமாக இடைப்பட்ட நேரம் முழுவதும் தனியுரிமைதான்.

இதற்கு இரண்டு வழி. பழைய வழி, ஜாபை இரண்டாக வெட்டுவது. இசட் ஓஎஸ் 2.1இல் வந்த வழி, ஜாப் கார்டில் (ஜேசிஎல்லின் தொடக்க வரியில்) டிஎஸ்இஎன்க்யூஎஸ்ஹெச்ஆர் என்ற பாராமீட்டரைப் போடுவது. தனியுரிமை தேவைப்படும் கடைசி ஸ்டெப் முடிந்ததும் பூட்டைப் பகிர்வாக இறக்கிவிட அது அனுமதிக்கும். நான் இன்னும் முதல் வழியைத்தான் விரும்புகிறேன். சின்ன ஜாபை ரீஸ்டார்ட் செய்வதும் எளிது.

அண்ணா, ஜாப் டேட்டாசெட்டுக்குக் காத்திருக்கிறது என்று வருகிறது. யார் வைத்திருக்கிறார்கள் என்று எப்படிப் பார்ப்பது?

ஆபரேட்டர் கன்சோலில் ஐஇஎஃப்863ஐ செய்தி வந்திருக்கும். எந்த டேட்டாசெட் என்று அதில் இருக்கும். அந்தப் பெயரை எடுத்துக்கொண்டு, டிஸ்ப்ளே ஜிஆர்எஸ் (ஜிஆர்எஸ் என்பது என்க்யூக்களைப் பார்த்துக்கொள்ளும் பகுதி) கட்டளையில் ஆர்இஎஸ் என்று போட்டு, சிஸ்டிஎஸ்என் என்ற பெரிய பெயரையும் டேட்டாசெட் பெயரையும் கொடுங்கள். வைத்திருப்பவர், காத்திருப்பவர் எல்லோரும் வரிசையாக வருவார்கள். பெயரே தெரியாமல் மொத்தக் குழப்பத்தையும் பார்க்க வேண்டுமென்றால் அதே கட்டளையில் அனலைஸ், வெயிட்டர் என்று போடலாம். பிளாக்கர் என்றால் தடுப்பவர் பட்டியல். டிபென்டென்சி என்றால் யார் யாருக்காகக் காத்திருக்கிறார் என்ற சங்கிலி.

கன்சோல் அனுமதி இல்லாதவர்கள் ஐஎஸ்பிஎஃப்புக்குள் (டேட்டாசெட்டைப் பார்க்கவும் எடிட் செய்யவும் உள்ள திரைகள்) ஐஎஸ்ஆர்டிடிஎன் என்று அடித்து, அதற்குள் என்க்யூ அல்லது கான் என்று அடித்தால் போதும். எடிட் செய்யப்போய் டேட்டாசெட் உபயோகத்தில் இருக்கிறது என்று வந்தால், எஃப்1 அழுத்திப் பாருங்கள், யார் என்று அங்கேயே காட்டும்.

ஜாப் காத்திருக்கும் நேரமெல்லாம் ஒரு இனிஷியேட்டர் வீணாகப் பிடித்து வைக்கப்பட்டிருக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள். நான்கு ஜாப் இப்படி நின்றால், சம்பந்தமே இல்லாத வேறு ஜாப்களும் இனிஷியேட்டர் கிடைக்காமல் நிற்கும்.

காலையில் ஐந்தரை, ஆறு மணிக்குத்தான் இந்தச் சிக்கல் அதிகம் வருகிறது. ஏன்?

கடிகாரத்தைப் பாருங்கள். சென்னை நமக்கு மூன்றரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. அங்கே ஒன்பது மணிக்கு உட்காரும் சக ஊழியர், நம் நேரப்படி ஐந்தரைக்கே ஒரு டேட்டாசெட்டை வியூவில் திறந்துவிடுகிறார். நம் பேட்ச் அப்போது முடிந்திருக்காது.

அவர் எதையும் மாற்றவில்லை, பார்க்கத்தான் செய்தார். ஆனாலும் வியூவும் பிரவுஸும் எடிட்டும் டேட்டாசெட்டை ஷேரில் பிடித்து வைக்கும், ஓல்டு கேட்கும் ஜாப் நிற்கும். எடிட்டில் இருந்தால் கூடுதலாக எஸ்பிஎஃப்எடிட் என்ற பெயரில் மெம்பர் அளவில் இன்னொரு பூட்டு உண்டு. இரண்டு பேர் ஒரே மெம்பரை எடிட் செய்யாமல் அது தடுக்கும். அதுவும் ஐஎஸ்பிஎஃப் வழியாக வருபவர்களுக்கு மட்டும்தான். பேட்ச் ஜாப் எஸ்பிஎஃப்எடிட்டைக் கேட்பதே இல்லை.

இரு நாட்டிலும் கோடைக்காலக் கடிகார மாற்றம் கிடையாது என்பதால் வருடம் முழுக்க இதே மூன்றரை மணிதான். பேட்ச் முடியும்வரை உற்பத்தி (சோதனைக்கானதல்ல, நிஜ வேலைக்கான) டேட்டாசெட்டைத் திறக்க வேண்டாம், நகல் ஒன்றை எடுத்துப் பாருங்கள் என்று அந்தப் பக்கத்துக் குழுவுடன் ஒரு வரி ஒப்பந்தம் வைத்துக்கொள்ளுங்கள்.

லோட் ஷெடிங்கில் வீட்டில் இணையம் போய்விட்டது, எடிட்டில் ஒரு மெம்பர் திறந்திருந்தது. பூட்டு தானாக விடுபடுமா?

உடனே விடுபடாது. 2023இல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது, வீட்டிலிருந்து வேலை பார்த்த பலரும் இதில் மாட்டினோம். உங்கள் மடிக்கணினி அணைந்தாலும் டிஎஸ்ஓ செஷன் (நீங்கள் லாகான் செய்து திறந்த அமர்வு) மெயின்பிரேமில் உயிரோடு இருக்கும். இணைப்பு அறுந்ததை சிஸ்டம் கண்டுகொண்டால், டிஎஸ்ஓகீ பாராமீட்டரில் உள்ள ரெக்கான்லிம் என்ற நிமிடக் கணக்குவரை நீங்கள் திரும்பி வருவீர்கள் என்று காத்திருக்கும். அதுவரை பூட்டும் உங்கள் பெயரில்தான். அறுந்ததே தெரியாவிட்டால், சும்மா இருக்கும் நேரம் வரம்பைத் தாண்டி எஸ்522 அபெண்ட் வரும்வரை இருக்கும்.

மின்சாரம் வந்ததும் ரீகனெக்ட் என்று கொடுத்து உள்ளே வந்து, மெம்பரைச் சேமித்து வெளியேறுங்கள். இரண்டு மணி நேரம் வராது என்றால் கைபேசியில் ஷிஃப்ட்டில் இருப்பவரைக் கூப்பிட்டு, கேன்சல் யூ= உங்கள் ஐடி என்று கொடுக்கச் சொல்லுங்கள். எடிட்டில் ரெக்கவரியை ஆன் செய்து வைத்திருந்தால் சேமிக்காத வரிகளும் பெரும்பாலும் திரும்பக் கிடைக்கும். அட்டவணைப்படி மின்சாரம் போகப்போகிறது என்று தெரிந்தால், பத்து நிமிடம் முன்பே வெளியேறிவிடுவது மற்றவர்களுக்குச் செய்யும் மரியாதை.

வீசாம் கோப்புக்கு ஷேர்ஆப்ஷன்ஸ் என்று ஒன்று இருக்கிறதே, அது என்ன?

வீசாம் என்பது பெரும்பாலும் இன்டெக்ஸ் வைத்து ரெக்கார்டுகளை எடுக்கும் ஒரு கோப்பு வகை. அதை ஓல்டு போட்டு எடுத்தால் மேலே சொன்னதுதான் கதை. ஷேர் போட்டால், ஓப்பன் நேரத்தில் இரண்டாவது ஒரு சோதனை நடக்கும். அதை முடிவு செய்வது கிளஸ்டரை (அந்த வீசாம் கோப்பை) உருவாக்கும்போது கொடுத்த ஷேர்ஆப்ஷன்ஸ். இரண்டு எண்கள்: முதலாவது ஒரே சிஸ்டத்தின் ஜாப்களுக்கு இடையே, இரண்டாவது சிஸ்டங்களுக்கு இடையே. எதுவும் கொடுக்காவிட்டால் 1, 3 என்று எடுத்துக்கொள்ளும்.

முதல் எண் 1 என்றால் எத்தனை பேரும் படிக்கலாம், அல்லது ஒருவர் எழுதலாம். இரண்டும் சேர்ந்து நடக்காது. பாதுகாப்பானது இதுதான்.

2 என்றால் ஒருவர் எழுதலாம், மற்றவர்கள் அதே நேரத்தில் படிக்கலாம். எழுதுவது கெடாது. ஆனால் படிப்பவருக்கு எந்த உத்தரவாதமும் இல்லை. எழுதும் ஜாப் ஒரு கண்ட்ரோல் இன்டர்வல் (ரெக்கார்டுகள் இருக்கும் ஒரு பிளாக்) நிரம்பி அதைப் பிளக்கும்போது பாதி ரெக்கார்டுகள் வேறு இடத்துக்குப் போகும். பழைய இன்டெக்ஸைக் கையில் வைத்திருக்கும் வாசகர் சில ரெக்கார்டுகளைத் தவறவிடலாம், அல்லது பழைய மதிப்பைப் படிக்கலாம். ஆகவே இந்த நிலையில் ஓடிய ரிப்போர்ட்டை வைத்துக் கணக்கு சமன் செய்யாதீர்கள். விசாரணைத் திரைக்கு ஓரளவு பரவாயில்லை.

3 என்றால் யார் வேண்டுமானாலும் எழுதலாம், சிஸ்டம் கண்டுகொள்ளாது, பொறுப்பு முழுக்க உங்களுடையது. 4 என்றால் நேரடியாகப் படிக்கும் ஒவ்வொரு முறையும் பஃபரைப் புதுப்பிக்கும், எழுதியதை உடனே வட்டுக்கு அனுப்பும். ஆனாலும் நிரல்கள் தங்களுக்குள் என்க்யூ போட்டுக்கொண்டால்தான் சரியாக வரும். மெதுவாகவும் ஓடும்.

"ஓப்பன் ஆகவில்லை" என்பதற்காக ஒரு கோப்பை 1இலிருந்து 3க்கு ஆல்டர் செய்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பிழைச் செய்தி போய்விடும், உண்மைதான். ஆனால் கதவைக் கழற்றி வைத்த மாதிரிதான் அது. கோபாலில் ஃபைல் ஸ்டேட்டஸ் 93 வந்தால், வேறொருவர் வைத்திருக்கிறார் என்று எடுத்துக்கொண்டு அவரைத் தேடுங்கள். கிளஸ்டரின் வரையறையைத் தொடாதீர்கள்.

ஃபைல் ஸ்டேட்டஸ் 97 வந்தால்?

ஓப்பன் வெற்றி. முந்தைய ஜாப் கோப்பைச் சரியாக மூடாமல் விழுந்திருக்கிறது, சிஸ்டம் அதைச் சரிபார்த்துத் திறந்திருக்கிறது. நிரல் 00ஐ மட்டும் ஏற்றுக்கொள்ளும்படி எழுதப்பட்டிருந்தால் தேவையில்லாமல் நின்றுவிடும். 97ஐயும் ஏற்றுக்கொள்ளுங்கள். ஆனால் முந்தைய ஜாப் எங்கே விழுந்தது, பாதி எழுதியதை என்ன செய்தது என்று யாராவது பார்த்தே ஆக வேண்டும்.

சிஐசிஎஸ் ஆன்லைனில் திறந்து வைத்திருக்கும் கோப்பில் பேட்ச் எழுத வேண்டும். வழி உண்டா?

சிஐசிஎஸ் என்பது ஆன்லைன் பரிவர்த்தனைகளை ஓட்டும் மென்பொருள். மூன்று வழி உண்டு.

முதலாவது, சிஇஎம்டி என்ற சிஐசிஎஸ் கட்டளை மூலம் ஆன்லைன் கோப்பை மூடிவிட்டு, பேட்சை ஓட்டி, மறுபடி திறப்பது. பழையது, எளியது, எல்லோருக்கும் புரிவது. இதில் ஒரு பள்ளம் இருக்கிறது: சிஐசிஎஸ் தொடக்க ஜேசிஎல்லிலேயே அந்தக் கோப்புக்கு டிடி கார்டு (டேட்டாசெட்டைக் குறிக்கும் ஜேசிஎல் வரி) இருந்தால், கோப்பை மூடினாலும் சிஸ்டிஎஸ்என் பூட்டு விடுபடாது, அந்த டிடி இன்னும் ஒதுக்கீட்டில் இருக்கிறது. டிடியை எடுத்துவிட்டு, டேட்டாசெட் பெயரை சிஐசிஎஸ் கோப்பு வரையறையில் கொடுங்கள். அப்போது மூடும்போது ஒதுக்கீடும் போய்விடும்.

இரண்டாவது, பேட்ச் நேரடியாக எழுதாமல், எக்ஸ்சிஐ என்ற இணைப்பு வழியாக சிஐசிஎஸ் நிரலை அழைத்து அதை எழுத வைப்பது. எழுதுபவர் அப்போதும் ஒருவர்தான். லட்சக்கணக்கான ரெக்கார்டு என்றால் நேரமாகும். சில ஆயிரம் என்றால் அருமையான வழி.

மூன்றாவது, ஆர்எல்எஸ் (ரெக்கார்டு லெவல் ஷேரிங்). எஸ்எம்எஸ்வீசாம் என்ற முகவரிப் பகுதி, கப்ளிங் ஃபெசிலிட்டியில் (பல சிஸ்டங்கள் பகிரும் பொது நினைவகம்) பூட்டு அட்டவணை வைத்து, ரெக்கார்டு அளவில் பூட்டுகிறது. பல சிஐசிஎஸ் ரீஜன்கள் (தனித்தனியாக ஓடும் சிஐசிஎஸ்கள்), பல சிஸ்டங்களிலிருந்து ஒரே கோப்பில் எழுதலாம். ஆனால் மீட்கத்தக்கதாக (பாதியில் விழுந்தால் மாற்றங்களைத் திரும்பப் பெறக்கூடியதாக) வரையறுக்கப்பட்ட கோப்பைச் சாதாரண பேட்ச் ஜாப் ஆர்எல்எஸ்ஸில் எழுதத் திறக்க முடியாது, படிக்கத்தான் முடியும். பேட்சும் எழுத வேண்டுமானால் டிஎஃப்எஸ்எம்எஸ்டிவிஎஸ் என்ற கூடுதல் வசதி வேண்டும், நிரலில் அவ்வப்போது கமிட் போட்டு, எழுதியதை உறுதிசெய்து பூட்டுகளை விட வேண்டும். கமிட் போடாத பழைய நிரலை அப்படியே கொண்டுவந்து ஓட்டினால், அது லட்சம் ரெக்கார்டைப் பூட்டிக்கொண்டு ஆன்லைனை நிறுத்திவிடும்.

இரவில் ஒரு மணி நேரம் ஆன்லைனை நிறுத்த வியாபாரம் சம்மதித்தால் முதல் வழியே போதும். கைபேசி வங்கிச் சேவை இருபத்துநான்கு மணி நேரமும் ஓட வேண்டும் என்றால் மூன்றாவதற்கு மாற, நிரல்களை ஒவ்வொன்றாகத் திருத்தும் உழைப்பைக் கணக்கில் எடுத்துக்கொண்டு தொடங்குங்கள்.

இரண்டு எல்பார் ஒரே வட்டைப் பகிர்கின்றன. என்க்யூ அங்கேயும் போகுமா?

எல்பார் என்பது ஒரே மெயின்பிரேமைப் பிரித்து ஓட்டும் தனி சிஸ்டம். ஜிஆர்எஸ் சரியாக அமைந்திருந்தால் என்க்யூ போகும். குளோபல் ரிசோர்ஸ் சீரியலைசேஷன் என்பதன் சுருக்கம் அது. ரிங் முறையில் என்க்யூ செய்தி ஒவ்வொரு சிஸ்டமாகச் சுற்றிவரும். ஸ்டார் முறையில் கப்ளிங் ஃபெசிலிட்டியில் ஐஎஸ்ஜிலாக் என்ற பூட்டு அமைப்பில் எல்லோரும் நேரடியாகக் கேட்பார்கள். சிஸ்டங்கள் அதிகமாகும்போது இதுதான் வேகம். எந்தப் பெயர் எல்லா சிஸ்டங்களுக்கும் போக வேண்டும், எது உள்ளூரிலேயே நிற்க வேண்டும் என்பது பார்ம்லிப் என்ற சிஸ்டம் அமைப்பு நூலகத்தில் ஜிஆர்எஸ்ஆர்என்எல் மெம்பரில் இருக்கிறது. அந்தப் பட்டியல்கள் எல்லா சிஸ்டத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும்.

ஜிஆர்எஸ் குழுவுக்கு வெளியே இருக்கும் ஒரு சிஸ்டம், உதாரணமாகத் தனியாக வைத்திருக்கும் சோதனை எல்பார், அதே வட்டைப் பார்க்க முடிந்தால் அங்கே ஓல்டு போட்டாலும் பயனில்லை. இரு பக்கமும் தனியுரிமை கிடைத்துவிட்டதாக நம்பி எழுதும். என் பார்வையில் மெயின்பிரேமில் தரவு கெடுவதற்கு மிக ஆபத்தான வழி இது. அப்படிப்பட்ட எல்பாருக்கு உற்பத்தி வட்டுகளை ஆஃப்லைனில் வையுங்கள். இன்னும் நல்லது, வன்பொருள் வரையறையிலேயே இணைக்காமல் விடுவது.

பழைய ரிசர்வ் முறை ஒன்று இருக்கிறது. வட்டு முழுவதையும் ஒரு சிஸ்டம் பிடித்துக்கொள்ளும். ஒரு டேட்டாசெட்டுக்காக அந்த வால்யூமில் (வட்டில்) உள்ள எல்லாமே மற்ற சிஸ்டத்துக்கு அடைபடும். இரண்டு சிஸ்டம் ஆளுக்கொரு வால்யூமைப் பிடித்துக்கொண்டு மற்றதற்காகக் காத்தால் இரண்டும் நிற்கும். ஜிஆர்எஸ் இருக்கும் இடத்தில், கன்வர்ஷன் பட்டியலில் போட்டு ரிசர்வை என்க்யூவாக மாற்றிவிடுவது வழக்கம்.

வேறு வால்யூமில் இருக்கும் வேறு டேட்டாசெட், பெயர் மட்டும் ஒன்று. அதற்கும் ஏன் ஜாப் நிற்கிறது?

என்க்யூ பெயருக்குத்தான், வால்யூமுக்கு இல்லை. சோதனைக்கும் உற்பத்திக்கும் முதல் குவாலிஃபையரை (பெயரின் முதல் பகுதியை) வேறு வேறாக வையுங்கள்.

ஒரு டேட்டாசெட்டை மட்டும் அல்ல, ஒரு முழு வேலையையே ஒருவர்தான் செய்ய வேண்டும். எப்படிப் பூட்டுவது?

கோபால் பேட்சில் என்க்யூ போட நேரடி வழி இல்லை. அசெம்பிளரில் என்க்யூ, ஐஎஸ்ஜிஎன்க்யூ மேக்ரோக்கள் உண்டு. அசெம்பிளர் தெரிந்தவர்கள் குறைந்துவிட்ட இடங்களில் எல்லோரும் செய்வது ஒரு காலி டேட்டாசெட்டைப் பூட்டாக வைப்பது. அதில் தரவு எதுவும் இருக்காது. அந்த வேலையைச் செய்யும் ஒவ்வொரு ஜாபிலும் அதை ஓல்டு போட்டு ஒரு டிடி வைக்க வேண்டும். கவனம்: அந்த டிடி கடைசி ஸ்டெப்பில் இருக்கட்டும். முதல் ஸ்டெப்பில் மட்டும் வைத்தால், அந்த ஸ்டெப் முடிந்ததுமே பூட்டு போய்விடும், மீதி ஜாப் பாதுகாப்பில்லாமல் ஓடும்.

சிஐசிஎஸ்ஸில் என்க்யூ கட்டளை இருக்கிறது. அது சாதாரணமாக ஒரே ரீஜனுக்குள் மட்டும் செல்லும். பல ரீஜன் இருந்தால் என்க்யூமாடல் வரையறுத்து அதை விரிவாக்க வேண்டும். சோதனையில் ஒரே ரீஜன், உற்பத்தியில் நான்கு ரீஜன் என்று இருக்கும் இடங்களில் இது சோதனையில் பிடிபடவே படாது.

நிரலே இரண்டு மூன்று பூட்டுகள் வாங்குமானால், எல்லா நிரலும் ஒரே வரிசையில் வாங்கட்டும். பெயரின் அகரவரிசை போதும். ஜாப் தொடக்கத்தில் மொத்தமாக வாங்கும் பாதுகாப்பு இங்கே கிடையாது. டைனமிக் அலொகேஷன் (ஜேசிஎல்லில் இல்லாமல், ஓடும்போதே டேட்டாசெட்டைக் கேட்பது) செய்யும் நிரல்களும் கவனிக்கட்டும்: டேட்டாசெட் கிடைக்காவிட்டால் அது காத்திருக்காது, உடனே பிழை கொடுத்துத் திரும்பிவிடும். சிறிது பொறுத்து மறுபடி கேட்கும்படி நிரலில் எழுத வேண்டும்.

ஷெட்யூலரில் வரிசை போட்டுவிட்டோமே, அது போதாதா?

ஷெட்யூலர் என்பது ஜாப்களை நேரப்படி, வரிசைப்படி அனுப்பும் மென்பொருள். அது நல்ல முதல் அரண். கண்ட்ரோல்-எம் என்றால் கண்ட்ரோல் ரிசோர்ஸ், ஐபிஎம் ஷெட்யூலர் என்றால் ஸ்பெஷல் ரிசோர்ஸ். இரண்டும் ஜாபை அனுப்பும் முன்பே நிறுத்தி வைப்பதால் இனிஷியேட்டர் வீணாகாது. ஆனால் நள்ளிரவில் ஒருவர் கையால் ரீரன் கொடுத்தால் ஷெட்யூலருக்குத் தெரியாது. எனவே ஜேசிஎல்லில் ஓல்டும் இருக்க வேண்டும்.

பிடிஎஸ்இக்கு மாறினால் பிரச்சினை தீருமா?

பாதி தீரும். பிடிஎஸ்ஸின் புது வடிவமான பிடிஎஸ்இயில் இரண்டு பேர் வெவ்வேறு மெம்பரை ஒரே நேரத்தில் எழுதலாம். சிஸ்டங்களுக்கு இடையே அப்படிப் பகிர, ஐஜிடிஎஸ்எம்எஸ் மெம்பரில் பிடிஎஸ்இஷேரிங் எக்ஸ்டெண்டட் என்று இருக்க வேண்டும், சிஸ்டங்கள் ஒரே சிஸ்பிளெக்ஸில் (ஒன்றாக இணைக்கப்பட்ட சிஸ்டங்களின் குழு) இருக்க வேண்டும். சிஸ்பிளெக்ஸுக்கு வெளியே இருந்து எழுதவே கூடாது. பழைய பிடிஎஸ்ஸை வைத்திருப்பவர்கள் ஐஇபிகாப்பி கருவியால் கம்ப்ரெஸ் (இடையில் வீணான இடத்தை மீட்பது) செய்யும்போது எப்போதும் ஓல்டு. கம்ப்ரெஸ் மெம்பர்களை இடம் மாற்றுகிறது. ஷேரில் அதைச் செய்தால், அந்த நேரம் படித்துக்கொண்டிருப்பவர் தப்பான இடத்தைப் படிப்பார்.

டிபி2?

டிபி2 என்பது தரவுத்தளம். அதன் பூட்டுகளை ஐஆர்எல்எம் என்ற தனிப் பூட்டு மேலாளர் பார்த்துக்கொள்கிறது. இங்கே சொன்ன ஜேசிஎல் விதிகள் அட்டவணைத் தரவுக்குப் பொருந்தாது.

பூட்டை வைத்திருக்கும் ஜாபை கேன்சல் செய்துவிட்டு நம் ஜாபை ஓட்டலாமா?

முதலில் அந்த ஜாப் என்ன செய்கிறது என்று பாருங்கள். அது படித்துக்கொண்டிருந்தால், அதன் உரிமையாளரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நிறுத்தலாம். டிஎஸ்ஓ பயனர் என்றால் கூப்பிட்டு வெளியேறச் சொல்லுங்கள். பதில் இல்லாவிட்டால்தான் கேன்சல்.

எழுதிக்கொண்டிருந்தால் கைவைக்காதீர்கள். வீசாம் கோப்பில் பாதிவரை எழுதிய ஜாபை நிறுத்தினால், எழுதிய பாதி அப்படியே நிற்கும். டிபி2 போல தானாகத் திரும்பாது. அதன் ரீஸ்டார்ட் முறை என்ன, தொடக்கத்தில் நகல் எடுத்ததா, செக்பாயிண்ட் (விழுந்தால் தொடரக்கூடிய இடைப்புள்ளி) உண்டா என்பதை ஜாபின் ஓட்டக் குறிப்பில் பாருங்கள். நகல் இருந்தால்: கேன்சல், அந்த நகலிலிருந்து மீட்டெடுத்தல், முதல் ஜாபை முதலிலிருந்து ஓட்டுதல், அது 0உடன் முடிந்த பிறகு உங்கள் ஜாப். நகல் இல்லையென்றால், விடியற்காலை என்றாலும் அந்தப் பயன்பாட்டுக் குழுவில் ஒருவரை எழுப்பிக் கேட்டுவிட்டுத்தான் அடுத்த அடி.